ஏறுதல்: தண்டனை, கூலி, உவகை

1

சென்ற மழைக்காலத்தில் ஒரு புத்தக விமர்சனக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். வாரத்தில் மூன்று நாள் ‘ஸ்டெப் ஏரோபிக்ஸ்’ வகுப்புக்குப் போகிறேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. நண்பர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “ஃபூக்கோ படிச்ச நீங்களா தோழர்?” என்றார். அடுத்த பத்து நிமிடத்துக்கு உடலைப் பணியவைக்கும் நுண்ணதிகாரம், நுகர்வுக் கலாச்சாரம் உற்பத்தி செய்யும் ஒல்லி உடல், நடுத்தரவர்க்கத்தின் சுயமோகம் என்று வரிசையாக வந்து விழுந்தன. எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. இதையெல்லாம் நானே எழுதியிருக்கிறேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு வகுப்பிலும் இருந்தேன்.

இந்த முரணை ஒளித்துவைக்க விருப்பமில்லை. நமது விமர்சன மொழியில் உடலுக்கு இரண்டு வேலைகள்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, அது ஒடுக்கப்படும். அல்லது கலகம் செய்யும். வியர்த்து, மூச்சு வாங்கி, காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருக்கிற உடல் என்று ஒன்று இருப்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் உடனே அதற்குள் அதிகாரத்தைக் கண்டுபிடித்து நிம்மதியடைகிறோம். கண்டுபிடிப்பது தப்பில்லை, அதிகாரம் அங்கே இருக்கவே செய்கிறது. ஆனால் அதோடு வாசிப்பு முடிந்துவிட்டதாக நினைப்பது சோம்பேறித்தனம்.

2

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். தரையில் ஒரு பலகை. மூன்றரை அடி நீளம் இருக்கும். உயரம் 4 அங்குலம். அடியில் கட்டைகளைச் செருகினால் 6, 8 அங்குலம் ஆகும். வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கால் கீழே, இடது கால் கீழே. நான்கு எண்ணிக்கை. அடிப்படை இவ்வளவுதான். காலை அகட்டி ஏறி, ஒடுக்கி இறங்கினால் அது ஒரு வகை. ஒற்றைக் காலில் ஏறி மறு முழங்காலை உயர்த்தினால் வேறொரு வகை. பலகையைக் கடந்து மறுபக்கம் இறங்கலாம். ஏறும்போதே உடம்பைத் திருப்பலாம். பாட்டு நிமிடத்துக்கு 120, 125 தட்டு வேகத்தில் ஓடும். எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு போய், நான்கு எட்டு சேர்ந்தால் 32 எண்ணிக்கையில் ஒரு தொகுதி. ஆசிரியை ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொடுத்து, பழையதோடு கோத்துக்கொண்டே போவார்.

முதல் வாரம் நான் அழாத குறை. எல்லாரும் இடப்பக்கம் திரும்பினால் நான் வலப்பக்கம் திரும்பிக்கொண்டு நிற்பேன். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், எப்போது என்று தெரியாமலேயே, எண்ணுவது நின்றுபோயிற்று. கால் தானாகப் போயிற்று. அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி என்று எம்.ஏ. வகுப்பில் யாப்பருங்கலக்காரிகையை உருப்போட்டவள் நான். பாதத்துக்கும் செய்யுள் வரிக்கும் தமிழில் ஏன் ‘அடி’ என்று ஒரே சொல் இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை. பதினைந்து பெண்கள் ஒரே தட்டில் பலகைமேல் கால்வைக்கும் ஓசையைக் கேட்டபோதுதான் தோன்றியது. கும்மியடித்தவர்களுக்கும் கோலாட்டம் ஆடியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தாளத்தில் பலரோடு சேரும்போது ‘நான்’ என்பது கொஞ்சம் கரைகிறது. யாராவது ஒருத்தி தவறான பக்கம் திரும்பிப் பக்கத்தில் இருப்பவள்மேல் மோதுவாள், வகுப்பே சிரிக்கும், அந்த எட்டு வீணாகும், அடுத்த எட்டில் எல்லாரும் மறுபடியும் சேர்ந்துகொள்வோம். ஒழுங்கு இருக்கிறது. அது குலைவதற்கும் அதற்குள் இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் எனக்குப் போடப்பட்ட முதல் தடை, மாடிப்படியில் தடதடவென்று ஏறக் கூடாது என்பது. “பொம்பளப் புள்ள ஏறுனா படிக்கே தெரியக் கூடாது” என்பார் அப்பத்தா. பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் பையன்கள் மைதானத்தில் இருக்க, நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ‘ரெக்கார்டு’ எழுதினோம். இருபது வருஷம் சத்தமில்லாமல் படியேறிய கால் இப்போது பலகைமேல் ஓங்கி விழுகிறது. இந்தச் சத்தத்தை ‘பணியவைக்கப்பட்ட உடல்’ என்று மட்டும் படித்தால், அந்த உடல் அதற்கு முன் எதற்குப் பணிந்து கிடந்தது என்பது விடுபட்டுப் போகிறது.

உவகை பிறக்கும் நான்கு இடங்களுள் ஒன்றாக விளையாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வைக்கிறது. அதே இயல், இளிவரல் பிறக்கும் நான்கு இடங்களுள் ஒன்றாக வருத்தத்தை வைக்கிறது. விளையாடினால் உவகை, உடம்பு வருந்தினால் இளிவரல். படியேறும்போது இரண்டும் ஒரே உடம்பில்தான் நடக்கின்றன. அதே தசை, அதே மூச்சு, அதே வியர்வை. பிறகு எது இதை உவகையாக்குகிறது, எது இளிவரலாக்குகிறது? நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஃபூக்கோ படித்தாயா என்பது இரண்டாவது.

3

வரலாறு பெருமளவு நண்பர் பக்கம்தான் நிற்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

1818 வாக்கில் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைகளுக்கென்று ஒரு மிதிசக்கரத்தை வடிவமைத்தார். பெரிய உருளை ஒன்று. அதன் மேற்பரப்பில் நீளவாக்கில் படிப்பலகைகள். கைதிகள் வரிசையாக நின்று, தலைக்கு நேரே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியேறுவார்கள். உடம்பின் எடையால் உருளை சுழலும். மிதித்த படி கீழே போகும். அடுத்த படி வந்து நிற்கும். ஏறிக்கொண்டே இருக்கலாம், போய்ச்சேர இடம் கிடையாது. ‘முடிவில்லாப் படிக்கட்டு’ என்றே அதற்கொரு பெயர் இருந்தது. 1821ல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் இது நிறுவப்பட்டது. பல சிறைகளில் பக்கத்திலிருப்பவனோடு பேச முடியாதபடி நடுவே தடுப்புகள் வைத்தார்கள். சில இடங்களில் சக்கரம் மாவரைத்தது, தண்ணீர் இறைத்தது. சில இடங்களில் ஒன்றுமே செய்யவில்லை. மனிதர்கள் நாள் முழுக்க ஏறிக் காற்றை அரைத்தார்கள். உழைப்பிலிருந்து விளைபொருளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுத்தமான தண்டனை.

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை 1834ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒழிந்த கையோடு ஜமைக்காவில் முன்னாள் அடிமைகள் ‘தொழில் பழகுநர்’ என்ற புதுப் பெயரில் பழைய எஜமானர்களிடமே கட்டிவைக்கப்பட்டார்கள். எஜமானரின் சாட்டைக்குப் பதிலாகச் சிறைவிடுதியின் மிதிசக்கரம் வந்தது. பெண்களும் அதில் ஏற்றப்பட்டார்கள். அப்படிப் பழகுநராக இருந்த ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞரின் வாக்குமூலம் 1837ல் லண்டனில் அச்சாகி, அந்த ஏற்பாட்டுக்கு எதிரான இயக்கத்துக்கு ஆயுதமானது. ஆஸ்கர் வைல்டு 1895ல் சிறைக்குப் போனபோது அவரும் இந்தச் சக்கரத்தை மிதித்தார். 1898ல் கொண்டுவரப்பட்ட சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரிட்டனில் இது கைவிடப்பட்டது.

இன்று ஜிம்மில் ஓடுகிற ‘டிரெட்மில்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இயங்குமுறையைப் பார்த்தால் க்யூபிட்டின் நேரடி வாரிசு டிரெட்மில் அல்ல. 1980களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த படியேறும் எந்திரங்கள். அதே சுழலும் படி, அதே போய்ச்சேராமை. கைதிக்கு விதித்ததை நாம் சந்தா கட்டி வாங்கிக்கொள்கிறோம் என்று ஒருவர் கிண்டல் செய்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

4

தண்டனைக்கு அடுத்துப் படியேறுதல் அளவையாகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் 1927ல் தொடங்கி 1947வரை ‘களைப்பு ஆய்வுக்கூடம்’ ஒன்று இயங்கியது. தொழிலாளி எப்போது களைப்படைகிறான், ஏன் களைப்படைகிறான் என்று உடலியல் வழியாக அறிவது அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று. யுத்தகாலத்தில் அந்த அறிவு சிப்பாய் பக்கம் திரும்பியது. 1943ல் லூசியன் புரூஹா வெளியிட்ட ‘ஹார்வர்டு படிச் சோதனை’ மிக எளிமையானது. 20 அங்குல உயரப் பெஞ்சில் நிமிடத்துக்கு 30 முறை என்று 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும், முடியாவிட்டால் முடிகிறவரை. பிறகு உட்காரவைத்து நாடி எண்ணப்படும். ஒரு மனிதன் எவ்வளவு தாங்குவான் என்பது ஓர் எண்ணாகக் கிடைத்துவிடும். உடற்கல்விக் கல்லூரிகளில் படித்த நம்மூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயர் பழக்கமானது.

இதற்குப் பத்து வருடம் கழித்து, படியேறுதல் உடம்புக்கு நல்லது என்ற அறிவு வந்துசேர்ந்தது. அது யாரிடமிருந்து வந்தது என்பது முக்கியம். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களின் இதயநோயை ஆராய்ந்து 1953ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். மாடிப் பேருந்தின் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அதே பேருந்தின் நடத்துனர் டிக்கெட் கிழித்துக்கொண்டு ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிவரை ஏறுகிறார். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே வர்க்கம், ஒரே ஊர். நடத்துனர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. வந்தாலும் ஓட்டுநர்களுக்கு வந்த அளவுக்கு உடனே உயிரைக் குடிக்கவில்லை. ‘லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் ஏறுங்கள்’ என்று இன்று டாக்டர் சொல்கிறாரே, அந்த அறிவுரையின் அடியில் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான நடத்துனர்களின் கால்கள் இருக்கின்றன.

அவர்களுடைய இதயத்தை எண்ணினார்கள். ஏறுவது பிடித்திருந்ததா என்பது அந்தக் கேள்வித்தாளில் சேராது. 2005ல் பழைய ரூட்மாஸ்டர் பேருந்துகள் லண்டனின் அன்றாடச் சேவையிலிருந்து விலக்கப்பட்டபோது, அந்த நடத்துனர் வேலையும் ஏறத்தாழ மறைந்துபோனது. வேலை போய்விட்டது; வேலையிலிருந்து பிழிந்தெடுத்த அறிவு நமக்கு நின்றுவிட்டது.

5

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான், ஸ்டெப் ஏரோபிக்ஸ் ஒரு பெண்ணின் நொந்த முழங்காலிலிருந்து பிறந்தது என்பது ருசிக்கும். அட்லாண்டாவில் ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜின் மில்லர், 1980களின் பிற்பகுதியில் முழங்காலில் அடிபட்டுக் கிடந்தார். தசை பலப்படப் பால் புட்டி அடுக்கும் கிரேட் ஒன்றின்மேல் ஏறி இறங்குமாறு மருத்துவர் சொன்னார். ஏறி இறங்கினார். சலித்துப்போயிற்று. பாட்டைப் போட்டார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. ஹார்வர்டின் பெஞ்சும் சிறையின் படியும் சலிப்பைத் தங்கள் சாரமாகக் கொண்டவை. மில்லர் செய்தது அந்தச் சலிப்பை எதிர்த்து ஒரு தாளத்தைக் கொண்டுவந்ததுதான்.

சந்தை சும்மா இருக்குமா? ரீபாக் நிறுவனம் அவரோடு சேர்ந்து 1989-90 வாக்கில் பலகையைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, அதற்கென ஷூ, அதற்கென வீடியோ, அதற்கெனப் பயிற்சிபெற்ற ஆசிரியர்கள் என்று உலகமெங்கும் விற்றது. பால் கிரேட் பண்டமாயிற்று. இதற்கு முன்னோடி ஜேன் ஃபோண்டா. வியட்நாம் யுத்த எதிர்ப்பில் நின்ற நடிகை. 1979ல் உடற்பயிற்சிக் கூடம் தொடங்கி, 1982ல் வெளியிட்ட வீடியோ மூலம் லட்சக்கணக்கான வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்தவர். அவரும் அவருடைய அப்போதைய கணவர் டாம் ஹேடனும் நடத்திய ‘பொருளாதார ஜனநாயகத்துக்கான இயக்கம்’ என்ற இடதுசாரி அமைப்புக்குப் பணம் திரட்டவே அந்தத் தொழில் தொடங்கப்பட்டது. வருமானம் அங்கேதான் போயிற்று. நம் தோழர்கள் எவ்வளவு பேருக்கு இது தெரியும்? அதே வீடியோ பெண்களுக்கு எட்டாத ஓர் உடல் இலட்சியத்தையும் விற்றது. ஆண்கள் மட்டுமே புழங்கிய ஜிம்முக்குப் போகாமல், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குதிக்கவும் வழி செய்தது. இரண்டும் நடந்தன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிப்பது விமர்சனமாகாது.

6

வகுப்பில்லாத நாட்களில் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறுகிறேன். ஏழு மாடி; மாடிக்கு 18 படி; ஆக 126. ஐந்து முறை ஏறினால் 630. லிஃப்ட் இருக்கிறது. அதன் கதவருகே அறிவிப்பும் இருக்கிறது: வீட்டுவேலை செய்வோரும் பொருள் கொண்டுவருவோரும் லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாள் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். நான்கு வீட்டில் வேலை செய்கிறவர். ஐம்பது வயதிருக்கும். கையில் குப்பை வாளி.

“ஏம்மா, லிஃப்டு ரிப்பேரா?”

“இல்லக்கா. உடம்புக்கு ஏறுறேன்.”

“உடம்புக்கா?” என்று சிரித்தார். “அப்பிடிப் பாத்தா நான் கொடி மாதிரில்ல இருக்கணும்!”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. படியேறுவது இதயத்துக்கு நல்லது என்று லண்டன் நடத்துனர் கதையை ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “உனக்கு முட்டி வலிச்சா நாளைக்கு ஏற மாட்ட. எனக்கு வலிச்சா, ஏன் லேட்டுன்னு அஞ்சாவது மாடில கேப்பாங்க.”

இதைக் கேட்டுக் குற்றவுணர்வில் கரைந்து, மறுநாளிலிருந்து படியேறுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை உருக்கமாக முடியும். நிறுத்தவில்லை. நான் நிறுத்துவதால் அவருடைய முழங்காலுக்கு என்ன கிடைக்கும்? அவர் சொன்னது என் ஏற்றத்துக்கு எதிரான வாதமாக எனக்குப் படவில்லை. நான் தேடிக்கொண்டிருந்த விடையாகத்தான் பட்டது. எங்கள் வகுப்பில் யாருக்காவது மூச்சு முட்டினால் ஆசிரியை “தரையிலேயே செய்யுங்க” என்பார். பலகையைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் நடப்போம். தாளத்திலிருந்து யாரும் விலக்கப்படுவதில்லை. பலகை நான்கு அங்குலமா எட்டு அங்குலமா என்பது அவரவர் முழங்காலைப் பொறுத்தது. ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். க்யூபிட்டின் சக்கரத்தில் இல்லாதது இதுதான். ஐந்தாவது மாடியிலும் இல்லை. படியிலோ தசையிலோ வித்தியாசம் கிடையாது. வருத்தத்தை விளையாட்டாக்குவது நிறுத்திக்கொள்ளும் உரிமை.

7

நாம் 1975ன் ஃபூக்கோவை, ‘கண்காணிப்பும் தண்டனையும்’ எழுதியவரை, இறுகப் பிடித்துக்கொண்டோம். 1984ல், இறந்துபோன ஆண்டில், பாலியல் வரலாற்றின் இரண்டாம் மூன்றாம் தொகுதிகளை வெளியிட்டவரை ஏறக்குறைய விட்டுவிட்டோம். மனிதர்கள் தங்களைத் தாங்களே உருவாக்கிக்கொள்ளும் பயிற்சிகள், தன்னைப் பேணுதல், இன்பங்களைக் கையாளுதல் என்று அவர் கடைசியில் பேசியது நமக்குச் சௌகரியமாக இல்லை. அதே சமயம், பண்டைய கிரேக்கத்தில் அந்தப் பயிற்சி சுதந்திர ஆண்களுக்கு உரியது, அடிமைகளுக்கும் பெண்களுக்கும் உரியதல்ல என்பதையும் அவர் மறைக்கவில்லை. தன்னைப் பேணுவதற்கு முதலில் தன் உடம்பு தன்னுடையதாக இருக்க வேண்டும். தன் நேரமும் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

ஆகவே என் நண்பரிடம் இப்படிச் சொல்வேன்: இந்த இன்பம் பொய்யில்லை; பங்கீடு செய்யப்படாதது. பங்கீடு செய்யப்படாத எதையும் நாம் பொய் என்று சொல்வதில்லை. நிலத்தைச் சொன்னோமா? கல்வியைச் சொன்னோமா? வேண்டும் என்றோம். உடம்பின் உவகையை மட்டும் ஏன் ‘அது பூர்ஷ்வா சமாச்சாரம்’ என்று அவர்களிடமே விட்டுக்கொடுக்கிறோம்?

அப்படி வேண்டும் என்று கேட்பதானால், கேட்க வேண்டிய முதல் பொருள் படிக்கட்டாக இருக்காது. லிஃப்ட்டாகத்தான் இருக்கும். ஏறாமல் இருக்க முடிகிறவருக்குத்தான் ஏறுவது விளையாட்டு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அந்த அறிவிப்பை எடுக்க வேண்டும் என்று நானும் இன்னும் இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தோம். ‘பராமரிப்புச் செலவு’ என்றார்கள். ‘சுத்தம்’ என்றார் ஒருவர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அறிவிப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலும் எழுதிக் கொடுப்போம்.

சங்கத்தைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் போகக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்துவிட்டது. நமது கூட்டங்கள் இன்னும் வாடகை குறைவு என்பதற்காக ஏதாவது ஒரு மொட்டைமாடியிலோ, குறுகலான படியுள்ள இரண்டாம் மாடி அறையிலோதான் நடக்கின்றன. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு கவிஞர் நம் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தி நாலு வருஷமாகிறது. அவருக்கு நம் கோட்பாட்டில் ஆர்வம் குறைந்துவிட்டதாக நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அன்று அந்தப் புத்தக விமர்சனம் நடந்ததும் இரண்டாம் மாடியில்தான். நண்பரும் நானும் அந்தப் படிகளில் இறங்கி வந்துதான் டீக்கடையில் நின்று, உடலின்மீதான அதிகாரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.